மணியின் ஒளியும் விளக்கின் ஒளியும்

இருட்டில் இரண்டு பேர் ஓடுகிறார்கள். இருவர் கண்ணிலும் தூரத்தில் ஆளுக்கொரு மினுக்கம் பட்டிருக்கிறது. இருவரும் அதையே ரத்தினம் என்று எண்ணிவிட்டார்கள். ஒருவன் கண்டது மணியின் ஒளி, மற்றவன் கண்டது விளக்கின் ஒளி. ஒளியை மணியாகக் கொண்ட பிழை இருவருக்கும் பொதுதான். ஆனாலும் முதல்வன் கையில் மணி கிடைக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி சொன்ன உவமை இது. 14-ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் இதைத் தம் ‘பஞ்சதசி’யில் எடுத்தாண்டார். பலன் தரும் பிழைக்கு அங்கே ‘சம்வாதி பிரமம்’ என்று பெயர்.

பிழையின் வழியே உண்மையை அடைய முடியுமா? பூமியின் வயிற்றைக் கணினியில் கட்டுகிறவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

சுமார் 2,890 கி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது வெளிக்கரு. அங்கே உருகிய இரும்பு புரண்டு புரண்டு காந்தப்புலத்தைப் பிறப்பிக்கிறது. அந்தக் குழம்பின் ஆழம் ஏறத்தாழ 2,260 கி.மீ. அதன் விளிம்பில் பாகுத்தன்மை ஆட்சி செய்யும் படலமோ ஒரு மீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. இரண்டையும் ஒரே கணக்கீட்டு வலையில் பிடிக்க இன்றுள்ள எந்தக் கணினியாலும் ஆகாது. வலையின் கண்ணியைப் பாதியாகச் சுருக்கினால் கண்ணிகள் எட்டு மடங்காகும். காலத்தையும் பாதி அளவான அடிகளில் நகர்த்த வேண்டியிருப்பதால் வேலை பதினாறு மடங்கு.

அதனால் தெரிந்தே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995-இல் கேரி கிளாட்ஸ்மையரும் பால் ராபர்ட்ஸும் உருவாக்கிய கணினிப் பூமியில் இரும்புக் குழம்பின் பாகுத்தன்மை உள்ளதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். ஆனால் ஒரு விதியில் மட்டும் அவர்கள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை: காந்தத்தில் தனி வடதுருவம், தனித் தென்துருவம் என்று கிடையாது. சமன்பாடுகளை எழுதிய முறையிலேயே அது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அந்த விதி சற்றே பிசகினாலும், உண்மையில் இல்லாத விசை ஒன்று காந்தக் கோட்டின் திசையிலேயே முளைத்துப் பாய்மத்தைத் தள்ளும் என்று ஆய்வாளர்கள் பிராக்பில்லும் பார்ன்ஸும் 1980-இலேயே காட்டியிருந்தார்கள். அளவில் பொய் சொல்லலாம், அமைப்பில் கூடாது என்பது இந்தத் தொழிலின் தர்மம்.

அந்தப் பொய்ப் பூமி சுமார் 40,000 ஆண்டுகளை ஓட்டிப் பார்த்தது. யாரும் தூண்டாமலே ஒருமுறை வடக்கும் தெற்கும் இடம் மாறின. மெய்யான பூமியில் கடைசியாக அப்படி நிகழ்ந்தது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இது மணியின் ஒளியா, விளக்கின் ஒளியா? திட உட்கரு பூமியைவிடச் சற்று வேகமாகச் சுற்றும் என்றும் அதே கணினிப் பூமி சொன்னது. 1996-இல் நிலநடுக்க அலைகளை ஆராய்ந்தவர்கள் ஆமாம் என்றார்கள். பிறகு அந்தக் கூடுதல் வேகத்தின் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது; 2009 வாக்கில் அந்த முந்தல் ஏறக்குறைய நின்றே விட்டது என்றது 2023-இல் வெளியான ஓர் ஆய்வு. இன்னொரு பக்கம், காந்தப்புலத்தின் வலிமையைத் தீர்மானிப்பது உள்ளிருந்து வெளியேறும் ஆற்றலே, பாகுத்தன்மை அல்ல என்று இப்படிப்பட்ட கணினி மாதிரிகளிலிருந்தே ஒரு விதி பிறந்தது. பூமிக்கும் வியாழனுக்கும் வேகமாகச் சுழலும் சில விண்மீன்களுக்கும் அது பொருந்துவதை 2009-இல் கிறிஸ்டென்சன் குழு காட்டியது. பொய்யாக வைத்த எண்ணைச் சாராத முடிவு என்பதால் இதை நம்ப இடமிருக்கிறது.

உவமையில் வரும் மனிதனோ ஓடிப்போய்க் கையால் தொட்டுத் தெளிந்துகொண்டான். பூமியின் கருவை நாம் அப்படித் தொட முடியாது; மனிதர் துளைத்ததிலேயே ஆழமான ரஷ்யாவின் கோலா ஆழ்துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது.