கை பழகிய கருவி

பழைய உளியை விடாமல் வைத்திருக்கும் தச்சரைக் கண்டால் தொழில் பக்தி என்று மெச்சுகிறோம். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர் பழைய கருவியை விடாமல் வைத்திருந்தால், பாவம், காலத்தோடு வரத் தெரியாதவர் என்கிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளுமே அவசரத்தில் சொன்னவை என்பது என் அபிப்பிராயம்.

விஷுவல் பேசிக் என்று ஒரு கருவி. கதை படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் அதைக்கொண்டு எழுதிய புரோகிராம் அச்சடித்த கடை ரசீது எப்போதாவது உங்கள் கைக்கு வந்திருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 1991-ல் அதை வெளியிட்டது. அதற்கு முன்பு விண்டோஸ் திரையில் ஒரு பொத்தானை வரவழைப்பதற்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. இதிலோ, பொத்தானை எடுத்து வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அதை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்பதை நாலு வரியில் எழுதினால் போதும். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடத் துணிந்து புரோகிராம் எழுதினார்கள். 1998-ல் ஆறாவது பதிப்பு வந்தது. 2002-ல் அதே பெயரில் வேறொன்று வந்தது. பழைய புரோகிராம்கள் அதில் அப்படியே ஓடவில்லை. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். அதற்காகப் பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கு வந்துவிடுமா?

2005-ல் அந்தக் கம்பெனியே கௌரவித்திருந்த நிபுணர்கள் பலர் கையெழுத்திட்டு முறையிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2008 ஏப்ரலோடு அந்தக் கருவிக்கான கவனிப்பை முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியால் செய்த புரோகிராம்கள் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. பட்டறையை மூடிவிட்டார்கள், அங்கே செய்த வண்டிகள் சாலையில் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே, ஏன் மாறவேண்டும் என்று கேட்கிறவரைச் சோம்பேறி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷம் ஓடிய புரோகிராமில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட அவஸ்தை இருக்கிறது. தீபாவளித் தள்ளுபடியில் வந்த குழப்பம், திருப்பிக் கொடுத்த சரக்குக்கு இரண்டு தடவை வரி போட்ட கதை, எல்லாம் அதில் தீர்ந்துபோயிருக்கும். புதிதாக எழுதினால் அத்தனை அவஸ்தையையும் முதலிலிருந்து பட வேண்டும். அதுவுமில்லாமல், புதியது நிலைக்கும் என்பதற்கு யார் ஜாமீன்? அதே கம்பெனி 2007-ல் கொண்டுவந்த சில்வர்லைட்டை நம்பிப் போனவர்கள் 2021-ல் நடுத்தெருவில் நின்றார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தமிழில் வியாபாரம் செய்யும் ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய கருவியின் சாதாரணக் கட்டங்களில் யூனிகோடு தமிழ் தெரியாது. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். அதனால் அந்தக் காலத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். ரோமன் எழுத்துகளும் குறிகளும் இருக்கும் இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்காரவைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்துரு இருக்கிறவரை முருகன் முருகனாகத் தெரிவார். அது இல்லாத கம்ப்யூட்டரில் அவர் வெறும் ரோமன் எழுத்துக் குப்பை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்றும் பழைய முறையிலேயே புது வாடிக்கையாளரின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தால், நாளுக்கு நாள் இன்னும் சில பெயர்கள் பூட்டிய பெட்டிக்குள் போகின்றன. சாவி புரோகிராம் எழுதியவரிடம் இருக்கிறது. அவருக்கு வயது அறுபது இருக்கலாம். அந்தப் புரோகிராமைத் திருத்துவதற்கு வேண்டிய சாமான்கள் அவர் வீட்டிலுள்ள ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

முதலாளிக்கு இது தெரியுமா? தர்மசங்கடம் எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. பழையதிலேயே இருப்பது குற்றமில்லை. கடைக்காரரிடம் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். புதியதைக் கற்றுக்கொண்டு, அடுத்த வேலைக்கு மனுப் போடுவதற்கு உதவும் என்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்துப் போடும் இளைஞரும் இதே குற்றத்தைத்தான் செய்கிறார். ஒருவருக்குத் தம் சௌகரியம், மற்றவருக்குத் தம் முன்னேற்றம். இரண்டுக்கும் பணம் கட்டுகிறவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர்தான். அவரைக் கேட்காமலே அவர் தலையில் கட்டுகிறார்கள்.

கேட்டால் அவருக்கு என்ன புரியும் என்பார்கள். ஏன் புரியாது? சரக்குப் பழசாகிவிட்டால் கழித்து விற்பதா, வைத்திருப்பதா என்று தினம் தினம் முடிவு செய்கிறவர் அவர். நஷ்டம் எவ்வளவு, எப்போது வரலாம் என்று தமிழில் எடுத்துச் சொன்னால் போதும். அந்த எழுத்துருவின் எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணையை ஒரு காகிதத்தில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு, பெயர்களையெல்லாம் யூனிகோடில் ஒரு பிரதி எடுத்து வைக்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் தமக்குப் பழகிய கருவியிலேயே வேலை செய்துகொண்டு போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைக்காரருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.