கொடி பிடித்து ஓடுபவரின் கடமை

அரை மாரத்தான் என்னும் ஓட்டத்தின் நீளம் 21.0975 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களில் நடைபெறும் சென்னை மாரத்தானில் ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன்பே எழுந்து வந்து ஓடுகின்றனர். வங்கி நாற்காலியில் முப்பது ஆண்டுகளைக் கழித்த நானும், ஐம்பத்தாறாம் வயதில் அவர்களுள் ஒருவனாக நின்றேன். ஓட்டத்தால் உடலுக்கு விளையும் நன்மைகளை விளக்குவது என் நோக்கமன்று. அவற்றை மருத்துவர் கூறுவர். ஓடும்போது என்னுள் எழுந்து இன்றளவும் தீராத ஓர் அற ஐயத்தை வாசக அன்பர்கள் முன் வைக்கவே விழைகிறேன்.

மயிலாப்பூரில் குடியிருப்பவனாதலால், முதலில் லஸ் நாகேசுவரராவ் பூங்காவைச் சுற்றி நடந்தேன். பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை ஓடிப் பழகினேன். ஞாயிறுதோறும் சாந்தோம், பட்டினப்பாக்கம் வழியே திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு சென்று, பெசன்ட் நகர்க் கடற்கரையில் முடிப்பேன். சாந்தோமைக் கடக்கும்போதெல்லாம், மயிலையில் கோயில் கொண்டிருந்த நேமிநாதரைக் கடலுக்கு அஞ்சிச் சித்தாமூருக்கு எடுத்துச் சென்றனர் என்று நம் முன்னோர் கூறிவந்தது நினைவுக்கு வரும். என் அத்தைக்கு மட்டும் இந்த ஓட்டம் உடன்பாடில்லை. “முனிவர்கள் பகலில்கூட நுகத்தடி அளவு நிலத்தைப் பார்த்துப் பார்த்து அடி வைக்கிறார்கள். நீ இருட்டில் ஓடுகிறாயே, காலின் கீழ் எத்தனை உயிரோ!” என்பார். மழைக்குப் பின் சாலையில் ஊரும் நத்தைகளைக் கண்டவன் ஆதலால், அவருக்கு நான் விடை கூறியதில்லை.

ஓட்டத்தில் வேகத்தைவிட அரிது, வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பது. தொடக்கத்தில் கால்கள் புதியவை. கூட்டம் இழுத்துச் செல்லும். கைதட்டல் செவியில் விழும். அப்போது விரைந்தால், தசைகளில் சேமித்துள்ள மாச்சத்து விரைவில் கரையும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை வழியுமேயன்றி எளிதில் ஆவியாவதில்லை. உடலின் சூடு தணிய, இதயம் தோலுக்கும் குருதியை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் மணியில் எளிதாக இருந்த அதே வேகம் இரண்டாம் மணியில் பெருஞ்சுமையாகிறது. இவையெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரிந்திருந்தன.

இரண்டரை மணி நேரத்தில் முடிப்பது என் குறிக்கோள். அதற்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம் 7 வினாடி வேண்டும். நானோ முதல் ஐந்து கிலோமீட்டரை 31 நிமிடத்தில் கடந்து, நாலரை நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். ஓட்டத்தில் மிச்சம் என்று ஒன்று இல்லை. வங்கிக்காரனுக்கு அது கடன் என்பது புரிந்திருக்க வேண்டும். பதினாறாம் கிலோமீட்டரில் தொடைகள் கல்லாயின, நடக்கத் தொடங்கினேன்.

பெரிய ஓட்டங்களில் பேசர் என்று ஒருவகைத் தொண்டர்கள் உண்டு. முடிக்கும் நேரத்தை எழுதிய சிறு கொடியைப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் போய்ச் சேருமாறு அளந்து ஓடுவர். அவரைப் பின்பற்றுவோர் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. நான் தளர்ந்து நின்ற இடத்திற்கு இரண்டரை மணிக் கொடியுடன் ஓர் இளம்பெண் வந்தார். கடிகாரத்தில் 1 மணி 54 நிமிடம், அணுவளவும் பிசகில்லை. “அங்கிள், உட்கார்ந்துவிடாதீர்கள். நடந்துகொண்டே இருங்கள், முடித்துவிடுவீர்கள்” என்று கூறிவிட்டு, நடையைத் தளர்த்தாமல் சென்றுவிட்டார். நான் 2 மணி 54 நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். முடிவிடத்தில் அவரைக் கண்டு பேசியபோதுதான், அவர் 1 மணி 50 நிமிடத்தில் ஓடக்கூடியவர் என்று தெரிந்தது. அன்று தம் திறமையில் நாற்பது நிமிடத்தைப் பிறருக்காக மறைத்து வைத்து ஓடியிருக்கிறார்.

அவர் என்னை விட்டுச் சென்றது எனக்கு வருத்தந்தான். வீடு திரும்பிச் சில நாட்கள் அதனை இரக்கமின்மை என்றே எண்ணினேன். பின்னர் வேகத்துணை செய்வோரின் வரலாற்றைப் படித்தேன்.

1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. அவருக்கு முன்னால் முதலில் கிரிஸ் பிராஷரும் பின்னர் கிரிஸ் சாட்டவேயும் ஓடினர். முதற்சுற்றில் வேகம் போதவில்லை என்றெண்ணி, விரைந்து ஓடுமாறு பானிஸ்டர் பின்னிருந்து கூவினார். பிராஷர் தம் வேகத்தை மாற்றவில்லை. அச்சுற்று 57.5 வினாடியில் முடிந்தது. உண்மையில் அவர்கள் வேண்டியதைவிடச் சற்று விரைவாகவே ஓடிக்கொண்டிருந்தனர். எவருக்குத் தொண்டு செய்கிறோமோ அவருடைய சொல்லுக்கும் இணங்காத தொண்டு அது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடியபோது 41 பேர் முறைவைத்து அவரைச் சூழ்ந்து ஓடினர். அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாததற்கு அந்த முறைமாற்றமும் ஒரு காரணம்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1994 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் பால் பில்கிங்டன் என்பவர், ஒரு குறிப்பிட்ட தொலைவு வரை வேகம் காட்டிவிட்டு விலகுவதற்காக அமர்த்தப்பட்டவர். அவர் விலகாமல் ஓடி வெற்றியும் பெற்றார். பின்னால் வந்த இத்தாலியர் லூக்கா பார்சாகி, தாமே முதல்வர் என்று நம்பி வந்தார். பில்கிங்டன் விதி எதையும் மீறவில்லை. பரிசு அவருக்கு உரியதே. ஆயினும் பார்சாகியின் நிலையில் நின்று பார்க்கும்போது என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, ஒரு சூலை மாத அரை மாரத்தானில் மூன்று மணிக் கொடி என் கைக்கு வந்தது. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 வினாடி. என்னைத் தொடர்ந்து பதினொருவர் புறப்பட்டனர். பதினான்காம் கிலோமீட்டரில் எழுவர் இருந்தனர். அங்கே, என் வயதொத்த ஒருவர் சாலை நடுவிலுள்ள திட்டின்மேல் அமர்ந்துவிட்டார். முதலுதவித் தொண்டர்கள் வந்து பார்த்து, இளைப்புத்தான், ஆபத்தில்லை என்றனர். உயிருக்கு ஆபத்தென்றால் ஐயத்திற்கே இடமில்லை, நேரமாவது கொடியாவது! ஆனால் ஆபத்தில்லை என்று கேட்ட பின்னும் என்னால் நகர இயலவில்லை. மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, கொடியைத் தோளில் சார்த்திக்கொண்டு, அவருடன் நடந்தே முடித்தேன்.

முன்னே சென்றவர்களுள் தியாகராய நகர்ப் பெண்மணி ஒருவர். பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி ஆக்கி வைத்துவிட்டு, நடேசன் பூங்காவைச் சுற்றி ஓடிப் பழகியவர். வழிகாட்ட ஆளின்றி முதலில் விரைந்து, பின் தளர்ந்து, 3 மணி 6 நிமிடத்தில் முடித்திருந்தார். என்னைக் குறை கூறவில்லை. “உங்கள் கொடி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தேன், அண்ணா” என்று மட்டும் சொன்னார். நான் துணை நின்றவரோ, “என்னால் உங்கள் வேலை கெட்டதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்.

அன்று நான் காட்டியது இரக்கந்தானா? அவர் திட்டில் அமர்ந்தபோது, பதினாறாம் கிலோமீட்டரில் நின்ற என்னையே நான் கண்டேன். என் பழைய வருத்தத்திற்கு மருந்திட்டுக்கொண்டேன் என்பதே உண்மைக்கு அருகில் வரும். அருகில் அமர்ந்தவரின் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தது. வளைவில் மறைந்து சென்ற எழுவரின் நம்பிக்கை தெரியவில்லை. கொடியைக் கையில் வாங்கியபோதே அவர்களுக்குச் சொல் கொடுத்தவன் நான். அவருக்கோ, ஆபத்தில்லை என்று தெரிந்த பின், நான் கொடுத்த சொல் எதுவுமில்லை. ஆனால் சொல் கொடுத்தவர்க்கு மட்டுந்தான் கடமை என்றால், பிற உயிர்க்கு நாம் யார்? இவ்விரண்டையும் என்னால் ஒரே தராசில் நிறுத்த முடியவில்லை. அந்த இளம்பெண் செய்தது சரி என்று இப்போது துணிந்து சொல்வேன். நான் செய்தது தவறு என்று சொல்லத்தான் நா எழவில்லை.

அடுத்த சூலைக்கும் கொடி பிடிக்க அழைத்திருக்கிறார்கள். இன்னும் விடை எழுதவில்லை. நடந்ததையெல்லாம் அத்தையிடம் கூறினேன். ஓட்டமே வேண்டாம் என்பவர் அவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ நின்றது இருக்கட்டும். கொடியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே?” என்றார்.

அது எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பெண்மணியின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது.