மனிதனை அறியாத தெய்வங்கள்

கோயில் இல்லை, பூசை இல்லை, உண்டென்று மெய்யாக நம்புவோரும் இல்லை. ஆயினும் அத்தகைய தெய்வம் ஒன்றுக்கு உலகின் பல நாடுகளில் அன்பர்கள் இருக்கிறார்கள். அதன் பெயர் க்தூலு. பசிபிக் பெருங்கடலின் அடியில், மூழ்கிப்போன கல் நகரம் ஒன்றில், இறந்தும் இறவாத நிலையில் அது உறங்கிக் கிடக்கிறது என்பது கதை. ஆக்டோபசைப் போன்ற தலை, முகத்திலிருந்து தொங்கி நெளியும் கைகள், மனிதனை ஒருவாறு ஒத்த உடல், முதுகில் ஒடுங்கிய சிறகுகள். விண்மீன்கள் உரிய இடத்தை அடையும் நாளில் அது விழித்தெழும். எழுந்தால் மனித இனத்தின் ஆட்சி முடியும். இந்த உருவத்தைத்தான் பஞ்சுப் பொம்மையாகத் தைத்து விற்கிறார்கள். சட்டையில் அச்சிட்டு அணிகிறார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, தீமைகளுள் சிறியதைத் தேடி அலைவானேன், பெரியதையே தேர்ந்தெடுத்துவிடலாமே என்று கேலியாக இதனை வேட்பாளராகவும் நிறுத்துகிறார்கள்.

அன்பு செலுத்தும் தெய்வத்தை மனிதன் நேசிப்பதில் வியப்பில்லை. தண்டிக்கும் தெய்வத்தை அஞ்சி வணங்குவதிலும் வியப்பில்லை. மனிதன் என்றோர் உயிர் இருப்பதையே பொருட்படுத்தாத தெய்வத்தின்மீது இத்தனை பேர் பற்றுக்கொண்டிருப்பது ஏன் என்பதுதான் எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

இத்தெய்வங்களைப் படைத்தவர் எச். பி. லவ்கிராப்ட். 1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். அவர் குழந்தையாக இருந்தபோதே தந்தை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1898இல் இறந்தார். தாயும் அதே மருத்துவமனையில் 1921இல் உயிர்நீத்தார். நோயும் தனிமையும் சூழ வளர்ந்த சிறுவனுக்குத் துணையாக அமைந்தவை பாட்டனாரின் நூல்களும் வானநூலும் ஆகும். பதினாறு வயதிலேயே உள்ளூர்ச் செய்தித்தாளில் விண்மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். சமய நம்பிக்கை அவரிடம் இளமையிலேயே கழன்று போயிற்று. வறுமையோடு போராடி, 1937இல் தமது 46ஆம் வயதில் குடற்புற்று நோயால் அவர் மறைந்தபோது, மலிவு இதழ்களைப் படிக்கும் சிறு கூட்டத்துக்கு அப்பால் அவர் பெயரை அறிந்தவர் குறைவு.

அவர் எழுதிய காலத்தை மறந்துவிட்டு அவர் எழுத்தை அளக்க முடியாது. 1925ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அமெரிக்க வானியலாளர் மாநாட்டில் எட்வின் ஹபிளின் கட்டுரை வாசிக்கப்பெற்றது. ஆண்டிரோமெடா என்னும் மங்கிய ஒளித்திட்டு நமது பால்வீதிக்குள் இருக்கும் மேகம் அன்று, அதற்கு வெளியே நெடுந்தொலைவில் இயங்கும் தனி விண்மீன் கூட்டம் என்று அக்கட்டுரை காட்டியது. மனிதன் வாழும் வீடு ஒரே நாளில் மிகச் சிறுத்துவிட்டது. அடுத்த ஆண்டுக் கோடையில் லவ்கிராப்ட் ‘க்தூலுவின் அழைப்பு’ என்னும் கதையை எழுதினார். ‘வியர்ட் டேல்ஸ்’ இதழ் முதலில் மறுத்துப் பின்னர் 1928 பிப்ரவரியில் அதனை வெளியிட்டது. 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதும் அதனையும் விட்டுவைக்கவில்லை. இருண்ட அந்தக் கோளை வேற்றுயிர்கள் குடியிருக்கும் யுக்கோத் ஆக்கித் தம் கதைக்குள் இழுத்துக்கொண்டார்.

மனிதரின் சட்டங்களுக்கும் நலன்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் அண்டவெளியில் எவ்வகைச் செல்வாக்கும் இல்லை என்பதே தம் கதைகளின் அடிப்படை என்று 1927இல் அந்த இதழின் ஆசிரியருக்கு அவர் எழுதினார். இந்தக் கருத்தின் உச்சம் அஸதோத் என்னும் தெய்வம். அண்டத்தின் நடுவே, கண்ணும் இன்றி, அறிவும் இன்றி, பிதற்றிக்கொண்டு கிடப்பது; அதனைச் சுற்றிலும் யாரோ இடைவிடாமல் குழல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். படைப்பின் மையத்தில் தீமை இருக்கிறது என்று சொன்னால்கூட மனிதன் ஆறுதலடைவான். தீமைக்கு அவன் ஒரு பொருட்டாகவாவது இருப்பான். அஸதோத்திடம் அதுவும் இல்லை.

பழைய சமய நூல்களிலும் அஞ்சத்தக்க தெய்வக் காட்சிகள் உண்டு. விசுவரூபத்தைக் கண்ட அருச்சுனன் நடுங்கிப்போய், பழைய மனித வடிவையே காட்டுமாறு வேண்டுகிறான். விவிலியத்தின் யோபு, சூறாவளியிலிருந்து எழும் குரலைக் கேட்டு வாயடைத்துப் போகிறான். ஆயின் அவ்விரு இடங்களிலும் தெய்வம் பேசுகிறது. அச்சமூட்டும் அந்த உருவத்துக்கும் அஞ்சி நிற்கும் மனிதனுக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. அருச்சுனனின் வேண்டுகோள் கேட்கப்படுகிறது. யோபுவின் முறையீட்டுக்கு விளக்கம் கிடைக்கவில்லை எனினும் பதில் கிடைக்கிறது. லவ்கிராப்டின் கதையில் வேண்டுகோளைக் கேட்கச் செவி இல்லை. மாலுமி ஒருவன் தன் கப்பலை நேரே செலுத்திக் க்தூலுவின் தலையில் மோதுகிறான். தலை சிதறுகிறது, சிதறிய வேகத்திலேயே மீண்டும் கூடுகிறது. அதற்குச் சினம் வந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

இத்தகைய காட்சியில் இன்பம் எங்ஙனம் பிறக்கிறது? 18ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் பர்க் ஒரு விடை தந்தார். ஆபத்து நம்மைத் தொடாத தொலைவில் இருக்கும்போது அச்சமே ஒருவகை மகிழ்ச்சியாகிவிடுகிறது என்றார். கரையில் நின்று புயற்கடலைப் பார்ப்பவனின் மகிழ்ச்சி அது. பேய்க்கதைகள் யாவற்றுக்கும் இவ்விடை பொருந்தும். அதனாலேயே இங்கு அது போதவில்லை. பேய்க்கதை படித்தவர்கள் பேயை மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை.

வேறொரு காரணம் இருத்தல் வேண்டும். தன்னை யாரோ இடைவிடாது கண்காணிக்கிறார்கள், கணக்கெழுதுகிறார்கள் என்ற எண்ணத்தோடு வளர்ந்த மனிதனுக்கு, அண்டத்தில் கணக்கெழுதுவோர் எவரும் இல்லை என்ற செய்தி முதலில் திகிலாகவும் சற்றுப் பொறுத்து விடுதலையாகவும் இருக்கிறது. தேர்வில் தோற்றவன், வேலை இழந்தவன், உறவில் ஏமாந்தவன், இவர்கள் எல்லாருக்கும் தம் தோல்வி மலைபோல் தெரிகிறது. நட்சத்திரங்களின் வயதை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் அந்த மலை தூசாகிவிடுகிறது. வென்றவனின் வெற்றியும் அங்ஙனமே தூசாகிறது என்பதில் தோற்றவனுக்குக் கூடுதலாக ஒரு மனநிறைவும் உண்டு. இது மனித இயல்பு, ஒளித்துப் பயனில்லை.

இந்த விடுதலைக்கு இரண்டு பாதைகள் உண்டு. எதுவும் பொருட்டில்லை என்றால் எதையும் செய்யலாம் என்பது ஒன்று. லவ்கிராப்டின் கதையிலேயே அதனைச் சொல்வோர் இருக்கிறார்கள். க்தூலுவை வணங்கும் கூட்டத்தைச் சேர்ந்த கிழவன் ஒருவன், தெய்வங்கள் திரும்பும் நாளில் மனிதரும் நன்மை தீமைகளைக் கடந்து, சட்டங்களை எறிந்துவிட்டு, கொன்று கூத்தாடுவர் என்று காவலர்களிடம் கூறுகிறான். ஆசிரியர் அவன் பக்கம் நிற்கவில்லை. அந்தக் கொண்டாட்டத்தை அருவருப்போடுதான் எழுதுகிறார். அண்டத்துக்கு அறம் இல்லை என்று உறுதியாக நம்பிய ஒருவர் மனிதனுக்கு அறம் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது கவனித்தற்குரியது.

அவரது மறைவுக்குப்பின் நண்பர் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வான்ட்ரேயுடன் சேர்ந்து 1939இல் ஆர்க்காம் ஹவுஸ் என்னும் பதிப்பகத்தை நிறுவி, இதழ்களில் சிதறிக் கிடந்த கதைகளை நூலாக்கினார். அந்த உழைப்பு இல்லையேல் இன்று இந்த வினாவே எழுந்திராது. ஆனால் டெர்லெத்துக்கு அறமற்ற அண்டம் பொறுக்கவில்லை. தாம் எழுதிய கதைகளில் நல்ல தெய்வங்களைப் புகுத்தினார். கெட்ட தெய்வங்கள் அவற்றை எதிர்த்துத் தோற்றுச் சிறைப்பட்டன என்றார். தேவாசுரப் போராகக் கதை மாறிற்று, அச்சமும் போயிற்று. வாசகர்கள் பெரும்பாலும் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. காப்பாற்ற வரும் தெய்வங்களை அவர்கள் வேறெங்கும் காணலாம். இங்கு வந்தது அதற்காக அன்று.

அவர்கள் வந்தது எதற்காக என்பதை ஒரு விளையாட்டு ஓரளவு காட்டுகிறது. 1981இல் சாண்டி பீட்டர்சன் என்பவர் உருவாக்கிய ‘க்தூலுவின் அழைப்பு’ என்னும் விளையாட்டில், மேசையைச் சுற்றி நண்பர்கள் சிலர் அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கின்றனர். பாத்திரங்களுக்கு உடல் வலிமைக்கு எண் இருப்பதுபோல் மனத்தெளிவுக்கும் எண் உண்டு. உண்மையை அறிய அறிய அந்த எண் குறையும். இறுதியில் வெல்லும் நம்பிக்கை இல்லை. சிலநாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே. ஆயினும் ஆடுகிறார்கள். ஒருவனின் மனம் கலங்கும்போது மற்றொருவன் அவனைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறான். லவ்கிராப்டின் கதைமாந்தர் பெரும்பாலும் தனித்தே அறிந்து தனித்தே சிதைகிறார்கள். அவர் எழுதாத தோழமையை விளையாடுவோர் சேர்த்துக்கொண்டார்கள். காப்பாற்றும் தெய்வத்தைப் புகுத்திய டெர்லெத்தின் திருத்தத்தைவிட, பக்கத்தில் ஒரு நண்பனை அமர்த்திய இந்தத் திருத்தமே செவ்விது.

இனி, அன்பர்கள் நெடுங்காலம் பேசத் தயங்கிய செய்திக்கு வருதல் வேண்டும். லவ்கிராப்ட் இனவெறி கொண்டவர். அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லி இதனைக் கடந்துவிட இயலாது. அவருடைய கடிதங்களில் வெளிப்படும் வெறுப்பு அக்கால அளவுக்கும் மிஞ்சியது. 1924இல் உருசியப் பேரரசில் பிறந்த யூதப் பெண்மணியான சோனியா கிரீனை மணந்து நியூயார்க் சென்றார். வேலை கிடைக்கவில்லை. பல நாட்டு மக்கள் தோளோடு தோள் உரசி நடக்கும் தெருக்கள் அவரை மருளச் செய்தன. 1925இல் எழுதிய ‘ரெட் ஹூக்கின் பயங்கரம்’ என்னும் கதையில் குடியேறியவர்களே பேயுருவம் பெற்றார்கள். மறுவருடம் ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் பிறந்ததுதான் க்தூலு. அதனை வணங்குவோர் கலப்பினத்தவர், கறுப்பர், அயல்நாட்டு மாலுமிகள் என்றே எழுதினார்.

இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகிறது. அண்டத்தின் உயரத்திலிருந்து பார்க்கும்போது மனித இனமே ஒரு துகள் என்றால், அந்தத் துகளுக்குள் உயர்ந்த குருதி எது, தாழ்ந்த குருதி எது? க்தூலுவின் கண்ணுக்குப் பிராவிடன்ஸ் நகரத்துப் பழங்குடும்பமும் துறைமுகக் கூலியும் ஒன்றே. தம் கொள்கையின் இந்த முடிவை லவ்கிராப்ட் ஏற்கவில்லை. பொருளற்ற அண்டத்தில் மனிதன் பற்றிக்கொள்ளத்தக்கது பரம்பரை வழக்கம் ஒன்றே என்று அவர் கருதினார். அந்தப் பரம்பரையைக் குருதியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சிறுமையாதல் அவரை அஞ்சச் செய்திருக்கலாம். பிறரோடு சமமாகச் சிறுமையாதல் அதனினும் கொடிதாக இருந்திருக்கிறது.

‘க்தூலுவின் அழைப்பில்’ எளிதில் கண்ணில் படாத ஓர் இடம் உண்டு. உண்மையை அறிந்த நார்வே மாலுமி, கோதன்பர்க் துறைமுகத்தருகே ஒரு சந்தில் நடந்து செல்கையில் மாடியிலிருந்து விழுந்த காகிதக் கட்டு ஒன்று தாக்கிக் கீழே விழுகிறான். லஸ்கர் மாலுமிகள் இருவர் உடனே அவனைத் தூக்கி நிறுத்துகிறார்கள். மருத்துவ உதவி வருமுன் அவன் இறந்துபோகிறான். ஐரோப்பியக் கப்பல்களில் குறைந்த கூலிக்கு உழைத்த இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகளையே லஸ்கர் என்பர். சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்களுக்கு அவர்கள் அயலார் அல்லர். கதையில் அவ்விருவருக்கும் பெயர் இல்லை. ஒரு சொல் பேசவும் இல்லை. விழுந்தவனைத் தூக்கியதற்கு மேல் அவர்கள் எதுவும் செய்ததாக ஆசிரியர் காட்டவில்லை. ஆனால் வாசகர் அவர்கள்மீது ஐயம் கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர்களை அங்கு நிறுத்தியிருக்கிறார்.

அவர் ஒருமுறை இந்த எல்லையைத் தாண்ட முயன்றார் எனலாம். 1931இல் எழுதி 1936இல் வெளியான ‘பித்துக்கொண்ட மலைகள்’ என்னும் குறுநாவலில், அண்டார்டிகாவின் பனிக்குள் பலகோடி ஆண்டுகளாக உறைந்திருந்த வேற்றுலக உயிர்கள் விழித்தெழுந்து ஆய்வாளர்களைக் கொன்றுவிடுகின்றன. பீப்பாய் உடலும் விண்மீன் வடிவத் தலையும் கொண்டவை அவை. பின்னர் அவையும் கொலையுண்டு கிடப்பதைக் காணும் பேராசிரியருக்கு வெறுப்பு எழவில்லை. அறியாத இடத்தில் கண்விழித்தார்கள், தாக்கப்பட்டார்கள், தற்காத்துக்கொண்டார்கள், தம் ஊரைத் தேடிப் போனார்கள், அங்கும் அழிவையே கண்டார்கள். இவர்களும் மனிதரே என்று அவர் உள்ளம் உருகுகிறது. லவ்கிராப்டின் எழுத்து முழுவதிலும் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. ஆனால் அங்கும் பரிவு எசமானர்களோடு நின்றுவிடுகிறது. உழைப்பதற்கென்றே அவர்களால் படைக்கப்பட்டு, பின்னர்க் கிளர்ந்தெழுந்த ஷோகத்து என்னும் அடிமை உயிர்கள் இறுதிவரை அருவருப்புக்கு உரியனவாகவே விடப்படுகின்றன.

1977இல் அன்பர்கள் பணம் திரட்டி, குடும்பத் தூணில் பெயர் மட்டும் பொறித்திருந்த அவருக்குத் தனிக் கல்லறைக்கல் நாட்டினார்கள். உலகக் கற்பனை இலக்கிய விருதாகப் பல்லாண்டுகள் வழங்கப்பட்டது அவருடைய தலைச்சிலையே. 2011இல் அதனைப் பெற்ற நைஜீரிய வழி அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபர், தம் இனத்தையே இழித்தவரின் சிலை தம் வீட்டில் இருப்பதன் நெருடலை வெளிப்படையாக எழுதினார். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. அன்பர்களுள் சிலர் சினந்தார்கள். சிலர் சினந்தது அறியாமையால். சிலர் சினந்தது, இளமையில் தமக்கு ஆறுதல் தந்தவரைப் பிறர் குறைசொல்லக் கேட்கும் வேதனையால்.

மறுவருடம் விக்டர் லவால் என்னும் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர், ரெட் ஹூக் கதையை ஹார்லெமில் வாழும் ஒரு கறுப்பு இளைஞனின் கண்வழியே திரும்ப எழுதி வெளியிட்டார். தனியார் துப்பறிவாளன் ஒருவனால் தந்தையை இழந்த அந்த இளைஞன், தன்னைக் காணாத தெய்வம் தன்னை வெறுக்கும் மனிதரைவிட மேலானது என்று எண்ணும் நிலைக்குத் தள்ளப்படுகிறான். சிறுவயதில் லவ்கிராப்டை விரும்பிப் படித்தவர் லவால். முரண்படும் உணர்ச்சிகள் அத்தனையோடும் என்று குறித்து, அந்நூலை லவ்கிராப்டுக்கே காணிக்கையாக்கினார்.