வரப்போரத்து அப்பா

"பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை, இயற்கையே அப்படித்தானே வைத்திருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த இயற்கை என்று கேளுங்கள். அதற்கு முன் பெண்ணாடத்துக் கொல்லைகள் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

கரும்பும் மக்காச்சோளமும் நிற்கும் ஊர். வெள்ளாற்றை ஒட்டிய வரப்போரங்களில் புல் மண்டிக் கிடக்கும். காலடியில் விர்ரென்று ஒன்று எழும்பும். கொஞ்ச தூரம் தாழப் பறந்து, மறுபடி புல்லுக்குள் இறங்கிவிடும். நாம் காடை என்போம். பறவை நூல்கள் கருங்காடை என்கின்றன. அசல் காடைக்குக் காலில் நான்கு விரல். இதற்கு மூன்றுதான், பின்விரல் கிடையாது. சொந்தம் பார்த்தால் கௌதாரிக்குத் தூரம். உள்ளானுக்கும் ஆலாவுக்கும்தான் பங்காளி.

இதன் வீட்டுக் கதையைக் கேளுங்கள். உருவில் பெரியவள் பெண். தொண்டையில் கறுப்புப் பூசிய அழகும் அவளுக்கே. புல்லுக்குள் நின்று 'ட்ர்ர்ர்' என்று உறுமுவாள். தொலைவில் மோட்டார் சைக்கிள் போவதுபோல் கேட்கும். அது ஆணுக்கு அழைப்பு, இன்னொருத்திக்குச் சவால். அந்தக் காலத்துப் பறவை பிடிகாரர்கள் கூண்டில் ஒரு பெட்டையை வைத்தே மற்றப் பெட்டைகளைப் பிடித்தார்கள். மல்லுக்கு வந்து தானாக மாட்டிக்கொள்வாள். புல் கவிந்த சின்னக் குழியில் மூன்று நான்கு முட்டை இடுவாள். இட்டதும் கிளம்பிவிடுவாள், அடுத்த துணையைத் தேடி.

அப்பா உட்காருகிறார். ஏறக்குறைய இரண்டு வாரம். உடம்பெல்லாம் மண்நிறம், மேலே வரிகள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் சருகு எது, அவர் எது என்று பிடிபடாது. குஞ்சுகள் பொரிந்த சூட்டிலேயே நடக்கத் தொடங்கும். அவற்றுக்கு இரை காட்டி, சிறகுக்குள் அணைத்து, கூட்டிக்கொண்டு திரிபவரும் அவரே. அவரை யாரும் தியாகி என்பதில்லை. பொண்டாட்டிதாசன் என்பதும் இல்லை.

அதே கொல்லையில் மயிலும் மேய்கிறது. அங்கே தோகையும் ஆட்டமும் ஆணுக்கு. பிள்ளை வளர்ப்பு முழுக்கப் பெண்ணுக்கு. வேப்பமரத்துக் காக்கை வீட்டில் இருவரும் இரை கொண்டுவருகிறார்கள். குயில் வீட்டில் இருவருமே அடைகாப்பதில்லை. அந்தப் பொறுப்பைக் காக்கையிடம் தள்ளியாயிற்று. ஒரே கொல்லை, நான்கு குடித்தனம், நான்கு ஏற்பாடு. நம் வீட்டுச் சமையலறையில் யார் நிற்பது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்பதற்கு இவற்றில் எதைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்? பறவைகளை விட்டுவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள், இன்றைக்கே பேசலாம்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. ஹோட்டல் பலகையில் 'காடை வறுவல்' என்று எழுதியிருப்பது இந்தக் கருங்காடை அல்ல. காட்டுக் காடைகளைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. தட்டில் வருவது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. அதையும் கணக்கில் சேர்த்தால் ஐந்தாவது குடித்தனம் ஒன்று கிடைக்கும். அங்கே அடைகாப்பது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, இன்குபேட்டர்.