கட்சிப் பற்றும் பிறர் துயரும்: முற்போக்கு வாக்காளரின் அறச்சிக்கல்

முன்னுரை

மக்களாட்சியில் வாக்காளர் ஒருவர் தரும் விடை ஒன்றே. அவரிடம் கேட்கப்படும் வினாக்களோ பல. கூலி, நிலவுரிமை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை குறித்த வினாக்களோடு, அரசு எந்நாட்டோடு உறவு கொள்ள வேண்டும், எந்தப் போரில் யார் பக்கம் நிற்க வேண்டும் என்னும் வினாவும் அந்த ஒரே விடைக்குள் அடங்கிவிடுகிறது. உள்நாட்டு நீதியில் தாம் நம்பும் கட்சி, அயலுறவில் தமக்கு உடன்பாடில்லாத நிலையை எடுக்கும்போது முற்போக்கு வாக்காளர் என் செய்வது? கட்சிப் பற்று எதுவரை செல்லும்? இவ்வினாவைக் கேரளத் தேர்தல் அனுபவத்தையும் தமிழகத்தின் 2009ஆம் ஆண்டு அனுபவத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரண்டு ஆனைக்கரைகள்

கேரளத்தில் ஆனைக்கரை என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கெல்லையில், பட்டாம்பி வட்டத்தில் உள்ளது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், வண்டன்மேட்டை ஒட்டி, தமிழக எல்லைக்கு அருகில் உள்ளது. அயலுறவு என்னும் பொருள் இவ்விரு ஊர்களையும் வெவ்வேறு வழிகளில் வந்தடைகிறது.

பாலக்காட்டு ஆனைக்கரையின் வடக்கத்துக் குடும்பம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் அக்குடும்பத்தவர். அவர்தம் மகள் கேப்டன் லட்சுமி, 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமையேற்றார். நேதாஜி ஜப்பானோடு கொண்ட கூட்டை அன்றைய பொதுவுடைமைக் கட்சி கடுமையாகக் கண்டித்தது. ஆயினும் அம்மரபில் வந்த மார்க்சியக் கட்சியிலேயே லட்சுமி பின்னாளில் இணைந்தார். 2002ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகளின் வேட்பாளராகவும் நின்றார். நேதாஜி பற்றிய பழைய மதிப்பீடு தவறானது என்பதை இடதுசாரித் தலைவர்களே பிற்காலத்தில் ஏற்றனர். அயலுறவு குறித்த கட்சியின் தீர்ப்பு பிழைபடக்கூடும் என்பதும், அப்பிழை திருந்தக்கூடும் என்பதும் இவ்வரலாற்றால் புலனாகின்றன.

இடுக்கி ஆனைக்கரையில் அயலுறவு விளைபொருளின் விலையாக வருகிறது. 2009 ஆகஸ்டு 13 அன்று இந்தியா தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்போடு சரக்கு வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டது. மிளகு, தேயிலை, காப்பி, பாமாயில் ஆகியவற்றின் இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைப்பதற்கு அது வழிவகுத்தது. அதனை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று இடது சனநாயக முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்தது. மலைநாட்டு உழவருக்கு வெளியுறவு எங்கோ தொலைவில் நிகழ்வதன்று. அறுவடை நாளில் கைக்கு வரும் பணம் அதனையும் பொறுத்ததாகும்.

கட்சிப் பற்றின் மதிப்பு

கட்சிப் பற்றைக் குருட்டு நம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் தனியொருவரால் பெற இயலாதவற்றை மக்கள் கட்சியாகத் திரண்டே பெற்றுள்ளனர். இடதுசாரிகளின் வெளி ஆதரவோடு நடந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2006இல் வன உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் பாலக்காடும் ஒன்று; 2007இல் இரண்டாம் கட்டத்தில் இடுக்கி சேர்க்கப்பட்டது. எனவே கட்சிப் பற்று என்பது கூட்டாகப் பெற்றவற்றைக் கூட்டாகக் காக்கும் ஒழுக்கமும் ஆகும்.

இதே ஆட்சிக்காலத்தில்தான் அணுசக்தி உடன்பாடு என்னும் சிக்கல் எழுந்தது. அமெரிக்காவுடனான அவ்வுடன்பாட்டை முன்னிட்டு இடதுசாரிகள் 2008 சூலை 8 அன்று ஆதரவைத் திரும்பப் பெற்றனர். சூலை 22 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275க்கு 256 என்ற கணக்கில் வென்றது. எதிர்த்து வாக்களித்தோருள் இடதுசாரிகளோடு பாரதிய சனதாக் கட்சியினரும் இருந்தனர். அவைத் தலைவர் பதவியிலிருந்து விலக மறுத்த சோமநாத் சட்டர்ஜி மறுநாள் மார்க்சியக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2004இல் கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளுள் 18ஐ வென்ற இடது முன்னணி 2009இல் நான்கினையே வென்றது. இடுக்கியில் காங்கிரசு வென்றது. பாலக்காட்டு ஆனைக்கரை அடங்கிய பொன்னானியை முசுலிம் லீக் தக்கவைத்துக்கொண்டது.

இம்முடிவை அணுசக்தி உடன்பாட்டுக்கு மக்கள் அளித்த ஆதரவு எனக் கொள்வதற்கில்லை. கட்சியின் உட்பூசல், பொன்னானியில் இடது முன்னணி மேற்கொண்ட கூட்டு எனக் காரணங்கள் பல இருந்தன. இசுரேலுடனான ஆயுதக் கொள்முதல் இடதுசாரி மேடைகளில் பேசுபொருளாக இருந்தும், பாலத்தீனத்தின்பால் பரிவுடைய பகுதிகளிலும் அம்முன்னணி தோற்றது. ஒரே விடைக்குள் பல வினாக்கள் அடங்கியுள்ளமையால் தேர்தல் முடிவு அறத்தீர்ப்பு ஆகாது. ஆகவே எண்ணிக்கையை விடுத்து, வாக்காளர் தம் மனத்துள் நிகழ்த்தும் ஆராய்ச்சியையே நோக்க வேண்டியுள்ளது.

தன் இழப்பும் பிறர் இழப்பும்

இங்குத் திருக்குறளின் அதிகார வைப்புமுறை நோக்கத்தக்கது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு என வள்ளுவர் ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைக்கிறார். நெடுநாள் நண்பர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுத்தல் பழைமையில் போற்றப்படுகிறது. அங்கே பொறுக்கப்படும் தீங்கு யார்மேல் விழுகிறது என நோக்கின், அது பொறுப்பவர்மேலேயே விழுவது விளங்கும். நண்பன் தனக்குச் செய்த கேட்டை ஒருவன் பொறுக்கலாம். மூன்றாமவனுக்குச் செய்த கேட்டை அவன்சார்பில் பொறுக்கும் உரிமை அங்கே யாருக்கும் வழங்கப்படவில்லை. நட்பு அதிகாரமோ, எல்லை கடக்கும் நண்பனை இடித்துரைத்தலையே நட்பின் கடமையாக வைக்கிறது.

கட்சிப் பற்றுக்கும் இவ்வளவையே பொருந்தும். கட்சியின் அயலுறவு நிலையால் வாக்காளருக்கே இழப்பு நேருமாயின், பொது நலன் கருதி அதனை ஏற்குமாறு கட்சி கேட்கலாம்; வாக்காளரும் ஏற்கலாம். மிளகு விலை சரிவதைப் பொறுத்துக்கொண்டு தம் கட்சிக்கே வாக்களிக்கும் உழவரிடம் அறப்பிழை ஏதுமில்லை. ஆனால் அந்நிலைப்பாட்டின் சுமை வேறொருவர்மேல் விழுமாயின், பற்றின் பெயரால் அதனைப் பொறுக்கும் உரிமை வாக்காளருக்கு இல்லை.

இவ்வெல்லைக்கோடு எப்போதும் தெளிவாக அமைவதில்லை. ஏலமலைத் தோட்டங்களில் வேலை செய்ய எல்லைக்கு அப்பால் கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வருகின்றனர். அவர்தம் வாக்கு தேனித் தொகுதியில் உள்ளது; வேலையோ இடுக்கியில் உள்ளது. விலை வீழ்ச்சியைத் தோட்டக்காரர் பொறுத்துக்கொள்ளும்போது, வேலைநாள் குறைவதால் வரும் இழப்பைத் தொழிலாளியும் ஏற்க நேர்கிறது. தன் இழப்பு எனத் தோன்றுவதற்குள்ளும் பிறர் இழப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

வாக்கற்றோர்

அயலுறவுக் கொள்கையின் தனித்தன்மை யாதெனில், அதனால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் அதனை வகுக்கும் நாட்டில் வாக்குரிமை பெறாதவர் என்பதாகும். இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரின் நிலையை ஆராய்ந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதாகக் கூறியது. தம் வாழ்வைப் பங்கிட்ட இவ்வுடன்படிக்கை குறித்து வாக்களிக்கும் வாய்ப்பு அவர்களுள் பெரும்பாலோருக்கு எந்நாட்டிலும் இல்லை.

உள்நாட்டுக் கொள்கையில் பிழை நேரின் பாதிக்கப்பட்டோர் அடுத்த தேர்தலில் அதனைத் திருத்த முயலலாம். அயலுறவில் நேரும் பிழைக்கு அத்தகைய திருத்தம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆதலின் வாக்களிப்பவர் இங்கே தம் நலனுக்கு மட்டுமன்றி, வாக்கற்றவரின் நலனுக்கும் பொறுப்பாளர் ஆகிறார். அவர்கள் கேட்க இயலாத கணக்கை அவர்கள்பொருட்டுக் கேட்க வேண்டியவர் அவரே.

சொல்லும் விலையும்

2009 மே 13 அன்று தமிழகம் வாக்களித்தபோது இலங்கையில் போர் அதன் இறுதி நாள்களில் இருந்தது. தி.மு.க. நடுவணரசில் பங்கு பெற்றிருந்தது. அதன் தலைவர் மு. கருணாநிதி ஏப்ரல் 27 அன்று போர்நிறுத்தம் கோரி உண்ணாநோன்பு இருந்தார். விடுதலைப் புலிகள்மீது கடும் நடவடிக்கை கோரிவந்த ஜெ. ஜெயலலிதா அத்தேர்தல் வேளையில் தனி ஈழத்துக்கு ஆதரவு அறிவித்தார். இரு பொதுவுடைமைக் கட்சிகளும் அவர் கூட்டணியில் இருந்தன. ஈழத்தமிழர் உரிமைக்குக் குரல் கொடுத்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் காங்கிரசு இடம்பெற்ற அணியில் நின்றனர். பற்றும் அயலுறவு நிலைப்பாடும் இவ்வாறு குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் சென்ற தேர்தல் தமிழகத்தில் அரிது. தி.மு.க. அணி 39 இடங்களுள் 27ஐ வென்றது. முடிவு வெளியான மே 16ஐ அடுத்த சில நாள்களில் போர் முடிவுற்றது. எண்ணற்ற பொதுமக்கள் மாண்டிருந்தனர்.

தேர்தல் மேடையில் கூறப்படும் அயலுறவுச் சொல்லை எவ்வாறு எடைபோடுவது என்னும் வினாவை இத்தேர்தல் எழுப்புகிறது. அந்நிலைப்பாட்டுக்காகப் பேசியவர் எதனை இழக்க முன்வந்தார் என்பதே தக்க அளவையாகும். பதவி, கூட்டணி, தொகுதி ஆகியவற்றுள் ஒன்றையும் இழக்காமல் கூறப்படும் பரிவு ஐயத்துக்கு உரியது. இவ்வளவையால் நோக்கின், 2008இல் இடதுசாரிகள் எடுத்த முடிவு சரியாயினும் தவறாயினும் விலை கொடுத்து எடுக்கப்பட்டது எனலாம். எனினும் அவ்விலையைக் கட்சி மட்டும் கொடுக்கவில்லை. ஆட்சியின்மீது இடதுசாரிகளுக்கு இருந்த செல்வாக்கால் பயன்பெற்றுவந்த ஏழை மக்களும் கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

மறுப்பும் விடையும்

ஒரு தொகுதியின் ஒரு வாக்கு நாட்டின் அயலுறவை மாற்றிவிடாது. கைக்கெட்டும் நன்மையை எட்டாத அறத்துக்காக இழப்பது அறிவுடைமை ஆகாது என மறுப்போர் கூறலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. உள்ளூர் ஏழைக்கு உறுதியாக நேரும் கேட்டையும், அயல்நாட்டில் ஐயத்திற்கிடமாக நேரும் கேட்டையும் ஒன்றாக வைத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஆனால் விளைவின் சிறுமை பொறுப்பை நீக்கிவிடுவதில்லை. ஒரு வாக்கு மட்டும் வேலை உறுதிச் சட்டத்தையும் கொண்டுவரவில்லை. அச்சட்டத்தில் தமக்கும் பங்குண்டு எனப் பெருமை கொள்ளும் வாக்காளர், அதே வாக்கால் அமைந்த ஆட்சியின் அயலுறவில் தமக்குப் பங்கில்லை எனக் கூறுதல் முரணாகும்.

பற்றுடையோர் இடித்துரைத்தற்குப் புறநானூற்றின் 46ஆம் பாடல் நல்லதொரு சான்று. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறுவரை யானைக் காலில் இடத் துணிந்தபோது, கோவூர் கிழார் குறுக்கிட்டு அவர்களைக் காத்ததாக அப்பாடலின் கொளு கூறுகிறது. புலவர் சோழனைப் பாடியவரே; பகைவன் பக்கம் சேர்ந்தவரல்லர். புறாவின் துயர் நீக்கிய மரபில் வந்தவன் நீ எனச் சோழனின் குடிப்பெருமையையே அவர் அவனுக்கு நினைவூட்டினார். அச்சிறுவருக்கு அவையில் குரல் இல்லை. பற்றுடையவர் ஒருவரின் குரலே அவர்களுக்குக் குரலாயிற்று. கட்சியின் கிளைக் கூட்டத்திலும், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடமும், கட்சி தன் கொள்கை எனக் கூறுவதையே முன்வைத்து வினவுதல் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

முடிவுரை

அயலுறவு நிலைப்பாட்டால் தமக்கே இழப்பு நேருமிடத்துக் கட்சிப் பற்று மேலோங்கலாம். பிறர்க்கு நேரும் கேடு ஐயத்திற்கிடமாக உள்ளவிடத்து வாக்காளர் கட்சியில் நின்றே இடித்துரைக்க வேண்டும். அக்கேடு வெளிப்படையாகத் தெரிந்து, கட்சி அதற்குத் துணைநின்று, இடித்துரைத்தும் திருந்தாதவிடத்து வாக்கை மறுத்தலே அறம். அவ்வாறு மறுப்பவர் கட்சிக்கு இரண்டகம் செய்தவராகார். கட்சி எதன்பொருட்டுத் தோன்றியதோ அதனை விடாது பற்றி நின்றவரே ஆவார். இவற்றுள் எந்நிலை வாய்த்துள்ளது எனத் துணிவது ஒவ்வொரு வாக்காளரின் பொறுப்பாகும். ஏலமலைக்கு ஜீப்பில் வரும் தொழிலாளிக்கு இடுக்கியில் வாக்கில்லை. முள்ளிவாய்க்காலில் இருந்தோருக்குத் தமிழகத்தில் வாக்கில்லை. கட்சியின்பால் கொண்ட பற்றின் பெயரால் அவர்தம் இழப்பை மன்னிக்கும் உரிமை வாக்குரிமையோடு சேர்த்து யாருக்கும் வழங்கப்படவில்லை.