கண் யார்மேல் ஓடுகின்றது?

முற்போக்காளரின் பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வழங்கும் சொற்களுள் 'கண்ணோட்டம்' என்பதும் ஒன்று. வர்க்கக் கண்ணோட்டம், வரலாற்றுக் கண்ணோட்டம், விஞ்ஞானக் கண்ணோட்டம் என்றெல்லாம் கூறுகின்றோம். ஒரு பொருளை எங்கே நின்று எவ்வாறு நோக்குகின்றோம் என்பதே இங்கெல்லாம் அச்சொல்லுக்குப் பொருள். பழந்தமிழில் அது குறித்தது வேறு. ஒருவரின் நிலையைக் கண்டவிடத்து அவர்பால் உள்ளம் இளகி, அதற்கேற்ப நடந்துகொள்ளும் பண்பினையே முன்னோர் கண்ணோட்டம் என்றனர். காண்பதும் இரங்குவதும் அச்சொல்லில் ஒரே செயலாக இணைந்திருந்தன. இன்று காண்பது மட்டும் எஞ்சியிருக்க, இரங்குவது கழன்றுவிட்டது. இம்மாற்றம் சொல்லோடு நின்றுவிட்டதா, அன்றி எமது வாழ்விலும் நிகழ்ந்துவிட்டதா?

திருக்குறளின் 58 ஆம் அதிகாரம் கண்ணோட்டம். அன்புடைமையையும் அருளுடைமையையும் அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், இதனைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்பவற்றை அடுத்து இது வருகின்றது. இதனை அடுத்து வருவது ஒற்றாடல். ஒற்றரின் கண்கொண்டு நாட்டைக் காணுமுன், அரசன் தன் கண்ணால் மனிதரைக் காணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இவ்வைப்புமுறைக்குப் பொருள் கொள்ளலாம். அதிகாரம் உடையவனுக்கு உரிய பண்பு இது. வகுப்பறையில் ஆசிரியனும் ஒரு சிற்றரசனே.

2022 ஆம் ஆண்டு, எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய காலம். நாம் கற்பிக்கும் கரையோரக் கிராமத்துப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து தாமதமாக வந்தான். வந்த பின்னர் மேசைமீது தலைசாய்த்து உறங்கினான். நான்கு நாட்கள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். ஐந்தாம் நாள், அவனது உடையில் வீசிய மண்ணெண்ணெய் மணத்தைச் சக மாணவர் கேலி செய்தபோதுதான் விசாரித்தோம். தந்தை கடற்றொழிலாளி. வள்ளத்தின் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதற்காக இரவு முழுவதும் கலனோடு வரிசையில் நின்றவன் இந்த மகன். அந்த வரிசையைக் கடந்தே நாமும் நாள்தோறும் பாடசாலைக்குச் சென்றோம். அதே வாரத்தில், நெருக்கடியின் சுமை எந்த வர்க்கத்தின் தலையில் விழுகின்றது என்று ஊர் வாசிகசாலையில் உரையும் நிகழ்த்தினோம்!

இதனினும் வெட்கத்துக்குரியது ஒன்றுண்டு. அந்நாட்களில் சக ஆசிரியர் ஒருவரின் மகனும் தாமதமாக வந்தான். அவனை நாம் ஒன்றும் கேட்கவில்லை. போக்குவரத்துச் சிரமமாக இருக்கும் என்று எமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். எமது கண் ஓடாமல் இருக்கவில்லை; அறிந்தவரின் பிள்ளைமேல் தாராளமாகவே ஓடிற்று.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொல்லை மறுக்க இயலாமையே கண்ணோட்டம் என்று பரிமேலழகர் விளக்கம் தருகின்றார். இவ்வளவுதான் என்றால், அது நாம் அன்றாடம் காணும் முகத்தாட்சண்யத்தினின்று எவ்வாறு வேறுபடும்? அலுவலகங்களில் அறிந்தவருக்கு முதலிடமும் அறியாதவருக்கு 'நாளை வாரும்' என்ற பதிலும் கிடைப்பது இதனாலன்றோ? வள்ளுவரும் இவ்வபாயத்தை அறிந்திருந்தார். செங்கோன்மையைக் கூறத் தொடங்கும்போதே, குற்றத்தை ஆராய்பவன் எவரிடத்தும் கண்ணோடலாகாது என்று விதிக்கின்றார். அங்கே குற்றமாகிய ஒன்று மூன்று அதிகாரங்கள் கடந்து பண்பாகின்றது. எனினும், தன் கடமை சிதையாதபடி கண்ணோட வல்லவரையே அங்கும் அவர் உயர்த்துகின்றார்.

முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் இணைக்க ஒரு கேள்வி போதும். நாம் இன்று காட்டும் இரக்கத்தை, எம்மை அறியாத, எமக்கு எவ்வகையிலும் பயன்படாத ஒருவருக்கும் காட்டுவோமா? ஆம் எனின் அது கண்ணோட்டம், இல்லையெனின் சலுகை. தாமதமாக வருவோருக்கு விலக்களித்தால் ஒழுங்கு என்னாவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆசிரியர் கூட்டத்தில் கலந்து பேசி, நெருக்கடி தீரும்வரை தாமதத்துக்காக எவரையும் வெளியே நிறுத்துவதில்லை என்றும், தவறிய பாடத்தைப் பிற்பகலில் கற்பிப்பது என்றும் முடிவுசெய்தோம். அம்முடிவு வரிசையில் நின்ற மகனுக்கும் ஆசிரியரின் மகனுக்கும் பொதுவாயிற்று. பாடமும் கெடவில்லை.

தனி மனிதரின் இரக்கத்தோடு இப்பண்பு நின்றுவிடுமாயின் அதனாற் பயன் சிறிதே. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணி வைத்திருந்த காலமொன்று இருந்தது. அவர்களுக்கு இரங்கிய நல்லவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். ஆயினும் அவர்களது இரக்கம் பேணியை அகற்றவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், 1960களில் தேநீர்க் கடைகளின் முன்னும், 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலிலும் மக்கள் போராடவேண்டியிருந்தது. ஒருவரின் தாகத்தை மட்டும் கண்ட கண், அவர் கையில் இருந்த பேணியைக் காணவில்லை. இரங்கும் கண்ணுக்கு ஆராயும் அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று எதற்கு?

ஆகவே, சொல்லின் பழம்பொருளுக்குத் திரும்புவோம், புதுப்பொருளை விட்டுவிடுவோம் என்று நாம் கூறவில்லை. சமுதாயத்தை ஆராயும் நோக்கு எமக்கு வேண்டும். அந்நோக்கு உடையவர் தம் முன் இருக்கும் பிள்ளையின் சிவந்த கண்களையும் காணவேண்டும். மாணவர் வரவுப் பதிவேட்டில் தாமதத்தைக் குறிக்கப் பேனாவை எடுக்கும் ஒவ்வொரு காலையும், இவன் எங்கிருந்து வருகின்றான் என்று ஒருமுறை கேட்போமாக. கண்ணோட்டமற்ற கண்களை வள்ளுவர் புண் என்றார். அன்று நான்கு நாட்கள் எம் முகத்தில் இருந்தவை அவையே.