மௌனம் சான்றாகுமா?

ஒரு பொருள் இல்லை என்பதை மனிதன் எவ்வாறு அறிகின்றான்? இவ்வினா இந்திய மெய்யியலிற் பழைமை வாய்ந்தது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர் இதற்கெனத் தனியொரு பிரமாணத்தை ஏற்று, அதனை அநுபலப்தி என வழங்கினர். தமிழிலே அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தைக் குறிப்பிட்டு, ஈற்றில் யாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. மீமாஞ்சகர் விதித்த நிபந்தனையொன்றே ஈண்டு நோக்கத்தக்கது. காணாமை முழுவதும் இன்மைக்குச் சான்றாகாது. பொருள் இருந்திருப்பின் கண்டிருக்கக்கூடிய சூழலிற் காணாமையே சான்றாகும். இருட்டறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லையெனக் கூறும் உரிமை பெறான்.

ஏட்டளவில் இந்நிபந்தனை எளிது. நடைமுறையில் அதன் கடினத்தை உணர மின்னணுவியல் ஆய்வுகூடத்துக்குச் செல்லுதல் நன்று. எஸ்.ரி.எம்.32 எஃப் 103 என்னும் நுண்கட்டுப்படுத்தி விரல் நகமளவேயான ஒரு சில்லு. அதனுள் ஓடும் செய்நிரலை இடைநிறுத்தி ஆராய்வதற்கு வழுநீக்கி என்னுங் கருவி பயன்படுகின்றது. தரவுக்கு ஒன்றும் கடிகாரத் துடிப்புக்கு ஒன்றுமாக இரண்டு கம்பிகள், இருபுறத்துக்கும் பொதுவான புவிக்கம்பி ஒன்று, இவ்வளவே இணைப்பு. வழுநீக்கி வினாவை அனுப்பும். சில்லோ மூன்று இரும இலக்கங்களால் ‘ஏற்றேன்’, ‘பொறு’, ‘பிழை’ என்பவற்றுள் ஒன்றை மறுமொழியாகத் தரும். சில வேளைகளில் இவற்றுள் எதுவும் வருவதில்லை. இணைப்பு இல்லை என்று கணனித் திரை அறிவிக்கின்றது. சில்லு எரிந்துவிட்டது என மாணவன் தீர்ப்பு வழங்கிவிடுகின்றான்.

அவன் உண்மையிற் கண்டது யாது? எவரும் செலுத்தாத தரவுக்கம்பி மின்தடையொன்றினால் உயர்நிலையிற் பிடிக்கப்பட்டிருக்கும். ஆதலின் மறுமொழியின் மூன்று இலக்கங்களும் 1 என வாசிக்கப்படும். சில்லின் மௌனம் என அவன் கொண்டது கம்பியின் நிலையையே. சில்லு எரிந்திருப்பினும், அதற்கு மின் கிடைக்காதிருப்பினும், இரு கம்பிகளும் இடம் மாறியிருப்பினும் அதே மூன்று ஒன்றுகளே தோன்றும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயெம் 1906இல் வெளியிட்ட நூலில், கருதுகோள் எதுவும் தனித்து நின்று சோதனைக்கு உட்படுவதில்லை என வாதிட்டார். கருவி பற்றிய நம்பிக்கைகளும் உடன் சோதிக்கப்படுகின்றன. முடிவு பொய்த்தால் எது பிழைத்தது என்பதைத் தருக்கம் மட்டும் காட்டாது. 1951இல் குவைன் இதனை மேலும் விரித்தார். தருக்கம் கைவிடும் இவ்விடத்தில் ஆய்வுகூடம் ஒழுங்கொன்றைக் கைக்கொள்கின்றது: வினவுபவனுக்கு அண்மையில் உள்ளதே முதலில் ஐயுறப்படும். சில்லின் மின்னழுத்தம் 2.0 முதல் 3.6 வோல்ற்று வரையான எல்லைக்குள் உள்ளதா, புவிக்கம்பி தொடுத்துள்ளதா, துடிப்பின் வேகத்தைக் குறைத்தால் மறுமொழி வருமா என்பன முறையே பார்க்கப்படும். பின்னர் நன்கு இயங்குவதென அறியப்பட்ட வேறொரு சில்லில் அதே கம்பிகளைத் தொடுத்து அதே வினாவை விடுப்பர். அது மறுமொழி கூறின், அப்பொழுதுதான் முதற் சில்லின் மௌனம் சான்றாகத் தொடங்குகின்றது. மீமாஞ்சகர் கேட்டதும் இதுவே.

இந்தப் பொறுமை மனிதர்பாற் காட்டப்படுவது அரிது. விரிவுரை மண்டபத்தில் வினாவுக்கு விடை கூறாத மாணவன் அறியாதவன் எனக் கொள்ளப்படுகின்றான். வினா அவனுக்கு விளங்கும் மொழியில் அவனைச் சென்றடைந்ததா என்று எவரும் சோதிப்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் நீடிப்பதுண்டு. பலகையிலுள்ள விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்கும். சில்லு உயிருடன் உள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் செய்நிரலே அவ்விரு முனைகளையும் வேறு பணிக்கு மாற்றியிருக்கலாம். எழுதியவனே கதவை அடைத்துவிட்டுப் பின்னர் வெளியே நின்று தட்டுவது ஆய்வுகூடங்களில் அபூர்வமன்று. மீளமைப்புக் கம்பியைத் தாழ்நிலையிற் பிடித்து, செய்நிரல் தொடங்குமுன்னரே வினவின் மறுமொழி கிடைக்கும். இங்கே தவறு கேள்வியிலன்று, கேட்ட காலத்திலேயே இருந்தது.

மறுமொழி வந்தும் ஏற்கப்படாமை வேறொன்று. இச்சில்லின் பெயரிற் போலிகள் சில விற்கப்படுகின்றன. அடையாள எண்ணின் தொடக்கத்தில் 1 வரவேண்டிய இடத்தில் அவற்றுட் சில 2 எனக் கூறும். மென்பொருளும் இணைய மறுத்துவிடும். மாணவர் பலர் மென்பொருளில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். வேலை நடக்கலாம், எனினும் சில்லு உண்மை கூறியபோது வினவியவரே தம் வினாவைத் திருத்திக்கொண்டனர் என்பதை மறுக்கவியலாது.

மிகவுஞ் சிக்கலானது வாசிப்புத் தடை இடப்பட்ட சில்லாகும். அது இணைப்பை ஏற்கும். நினைவகத்தில் எழுதப்பட்டதை மட்டும் காட்டாது. தடையை நீக்க வழியுண்டு. நீக்கிய கணமே நினைவகம் முழுவதும் அழிக்கப்படும். அக்குடும்பத்தின் வேறு சில சில்லுகளிலோ என்றுமே நீக்கவியலாத தடையும் உண்டு. இங்கே மறுப்பது பழுதன்று, ஒருவரின் விருப்பம். அறிய விரும்பியதை அறியும் முயற்சியே அழித்துவிடுமாயின் அம்முயற்சியை மேற்கொள்ளலாமா? பழைய இயந்திரமொன்றைத் திருத்த வந்தவனுக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. ஆணையொன்றைக் கொடுத்தபின் திரும்பிச் செல்ல வழியில்லை. காண்டலும் கருதலும் அவனுக்கு மேலும் உதவா. செய்நிரலை எழுதியவரைத் தேடிச்சென்று, பிரதி ஏதும் வைத்திருக்கின்றீர்களா என்று கேட்பதே அவன் முதலிற் செய்யவேண்டியது.